துப்பாக்கி, வேட்டைக் கண்காட்சிகளில் ஏர்சாஃப்டுக்கு இடம் தரலாமா? கோலாலம்பூரிலிருந்து முடிவெடுப்போருக்கு ஒரு வழிகாட்டி

இந்த வழிகாட்டி மூன்று வகையினருக்காக எழுதப்படுகிறது. கோலாலம்பூரில் முகாம், மலையேற்றம், பாதுகாப்புப் பணி ஆகியவற்றுக்கான பொருள்களை விற்பவர்களும், பாதுகாவலர் பயிற்சி நிறுவனம் நடத்தும் முன்னாள் காவல்துறையினர், இராணுவத்தினரும் முதல் வகையினர். துப்பாக்கி சுடும் சங்கங்களின் செயற்குழுவில் இருப்பவர்கள் இரண்டாம் வகையினர். கண்காட்சி ஏற்பாட்டு நிறுவனங்களில் அரங்குகளை ஒதுக்கும் பொறுப்பில் இருப்பவர்கள் மூன்றாம் வகையினர். மூவரையும் ஒரே கேள்வி வெவ்வேறு வடிவில் தேடி வருகிறது. உண்மையான துப்பாக்கிகளும் வேட்டைக் கருவிகளும் காட்டப்படும் கூடத்தில், அவற்றைப் போலவே தோற்றமளித்து பிளாஸ்டிக் குண்டுகளை எறியும் ஏர்சாஃப்ட் கருவிகளுக்கு இடம் உண்டா?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏர்சாஃப்டை ஒரே பொருளாக எண்ணி அனுமதிப்பதும் தவறு, ஒதுக்குவதும் தவறு. இலக்கைச் சுடும் போட்டிக்கும் பயிற்சிக்கும் உரிய ஏர்சாஃப்ட் அந்தக் கூடத்துக்கே உரியது. அணி பிரிந்து ஒருவரையொருவர் சுடும் விளையாட்டு ஏர்சாஃப்டுக்குத் தனிக்கூடமோ தனிக் கண்காட்சியோதான் பொருத்தம். இவ்விரண்டும் மலேசியாவுக்கு வெளியே எடுக்க வேண்டிய முடிவுகள். உள்நாட்டில் சட்டம் நமக்கு முன்பே முடிவெடுத்துவிட்டது என்பதால் அங்கிருந்தே தொடங்குவோம்.

சட்டத்தை முதலில் பாருங்கள்

மலேசியாவில் துப்பாக்கிகளை ஆளும் அடிப்படைச் சட்டம் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம். காற்றழுத்தத் துப்பாக்கியையும் அது ஆயுதத்தின் வரையறைக்குள் கொண்டுவருகிறது. துப்பாக்கியைப் போலத் தோற்றமளிக்கும் போலிகளுக்கென 36-ஆம் பிரிவு தனியாக உள்ளது. அதன்கீழ் போலித் துப்பாக்கியை வைத்திருப்பதற்கு ஓராண்டு வரை சிறையோ, 5,000 ரிங்கிட் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ஏர்சாஃப்ட் இவ்விரண்டில் எந்தக் கூண்டுக்குள் விழுந்தாலும் தனிமனிதர் அதைக் கடையில் வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ள வழியில்லை. குற்றச் செயலின்போது போலியைக் காட்டி அச்சுறுத்தினால் 1971-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் குற்றங்களுக்கான கடுந்தண்டனைச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். அச்சட்டத்தில் பிரம்படியும் உண்டு.

ஆகவே கோலாலம்பூரிலோ பினாங்கிலோ பொதுமக்கள் நுழையும் கண்காட்சியில் ஏர்சாஃப்ட் அரங்கு கேட்டு ஒருவர் வந்தால், அவருடைய விற்பனைத் திட்டத்தையும் அரங்கின் அலங்காரத்தையும் கேட்பதற்கு முன்பே அரச மலேசியப் போலீஸ் படையின் எழுத்துபூர்வ அனுமதியைக் கேட்க வேண்டும். வாய்மொழி உறுதி போதாது. ‘சென்ற ஆண்டு இன்னொரு நிகழ்ச்சியில் வைத்தோம், யாரும் கேட்கவில்லை’ என்ற பதில் இத்துறையில் அடிக்கடி காதில் விழும். யாரும் கேட்காதது அனுமதியாகிவிடாது. நீர்க்குண்டு எறியும் ஜெல் பிளாஸ்டர்களைப் பொம்மை என்று சொல்லி இணையத்தில் விற்பவர்களும் இதே வாதத்தைத்தான் முன்வைக்கிறார்கள். துப்பாக்கியின் உருவம் அவற்றுக்கும் இருப்பதால் அவற்றையும் இதே கண்ணோடு பார்ப்பதே பாதுகாப்பானது.

மற்ற நாடுகளில் நிலைமை ஒரே மாதிரி இல்லை. ஜப்பான் 2006-இல் சட்டத்தைத் திருத்தி, ஜூல் என்ற அலகில் அளக்கப்படும் குண்டின் ஆற்றலை, 6 மில்லிமீட்டர் குண்டுக்கு ஒரு ஜூலுக்குச் சற்றுக் கீழே நிறுத்தியது. பிரிட்டனில் 2006-ஆம் ஆண்டின் வன்குற்றக் குறைப்புச் சட்டம் உண்மை போலவே தோன்றும் போலிகளின் விற்பனையைக் கட்டுப்படுத்தி, ஏர்சாஃப்ட் விளையாட்டு வீரர்களுக்கு மட்டும் விலக்குக்கு இடம் வைத்தது. 2017-ஆம் ஆண்டின் சட்டம் தானியங்கிக் கருவிக்கு 1.3 ஜூல், ஒவ்வொன்றாகச் சுடும் கருவிக்கு 2.5 ஜூல் என்று வரம்பு வகுத்தது. ஜெர்மனியில் 0.5 ஜூலுக்கு மேற்பட்டவை பெரியவர்களுக்கு மட்டும் உரியவை. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் ஏர்சாஃப்டைத் துப்பாக்கியாகக் கருதுவதில்லை. ஆயினும் 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி விற்பனைக்கு வரும்போது குழல் முனையில் பளிச்சிடும் ஆரஞ்சு நிறம் இருக்க வேண்டும். ஒரு கண்காட்சி எந்த நாட்டில் நடக்கிறதோ அந்த நாட்டின் வரம்பைக் கையில் வைத்துக்கொண்டுதான் மேற்கொண்டு பேச முடியும்.

பொருளை அளவால் அறியுங்கள்

கூட்டங்களில் இந்தக் கேள்வி எழும்போதெல்லாம் ‘இது வெறும் பொம்மை’ என்று ஒரு தரப்பும் ‘இதுவும் ஆயுதமே’ என்று மறு தரப்பும் குரலை உயர்த்துகின்றன. எண்களை மேசைமீது வைத்தால் குரல் தானாகத் தணியும். வழக்கமான ஏர்சாஃப்ட் குண்டு 6 மில்லிமீட்டர் குறுக்களவும் 0.20 கிராம் எடையும் உடையது. அது நொடிக்கு 100 மீட்டர் வேகத்தில் வெளியேறினால் அதன் ஆற்றல் சரியாக ஒரு ஜூல். ஒலிம்பிக்கில் 10 மீட்டர் தொலைவில் சுடப்படும் காற்றழுத்த ரைஃபிளின் ஈயக்குண்டு ஏழு ஜூலை ஒட்டி நிற்கும். லண்டன் ஒலிம்பிக்கில் 2012-இல் எட்டு மாதக் கர்ப்பிணியாக நம் நாட்டின் நூர் சூர்யானி தைபி களமிறங்கியது இந்த வகைப் போட்டியில்தான். சிறிய .22 தோட்டா 140 ஜூல் அளவில் இருக்கும். காட்டுப்பன்றிக்கு எதிராகத் தோட்டக்காரர்கள் வைத்திருக்கும், 12 போர் என்ற குழலளவு கொண்ட ஷாட்கன்னோ இரண்டாயிரம் ஜூலைத் தாண்டும்.

இந்த வரிசையிலிருந்து இரண்டு முடிவுகள் பிறக்கின்றன. முதலாவது, ஏர்சாஃப்டுக்கு வேட்டையில் எந்தப் பயனும் இல்லை. ஒரு ஜூல் குண்டால் எந்த விலங்கையும் துன்பமின்றி வீழ்த்த முடியாது. எனவே வேட்டைப் பிரிவுக்குள் அதை வைப்பதற்குப் பொருள்சார்ந்த காரணம் ஏதுமில்லை. இரண்டாவது, ஒரு ஜூல் என்பது தோலில் சிவப்புத் தடம் பதிக்கும் அளவுதான் என்றாலும் கண்ணைக் குருடாக்க அது தாராளமாகப் போதும். ஆகவே பொம்மைப் பிரிவில் சிறுவர் கையில் கொடுப்பதற்கும் அது உரியதன்று.

வணிகர் கண்காட்சியா, பொதுமக்கள் கண்காட்சியா?

இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் எடுக்கும் முடிவு எதுவும் நிலைக்காது. அமெரிக்காவின் ஷாட் ஷோ 1979-இல் செயின்ட் லூயிஸ் நகரில் தொடங்கி, இப்போது ஆண்டுதோறும் சனவரியில் லாஸ் வேகஸில் நடைபெறுகிறது. துப்பாக்கித் தொழிலின் சங்கமான தேசியச் சுடும் விளையாட்டு அறக்கட்டளை அதை நடத்துகிறது. ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரில் 1974 முதல் நடந்துவரும் ஐடபிள்யூஏ கண்காட்சி ஐரோப்பாவில் இதற்கு நிகரானது. இரண்டும் தொழில்துறையினருக்கு மட்டும் உரியவை. கடை உரிமையாளர், கொள்முதல் அதிகாரி, பத்திரிகையாளர் என்று சான்று காட்டினால்தான் நுழைவு. கோலாலம்பூரில் 1988-இல் தொடங்கி, முன்பு புத்ரா உலக வாணிப மையத்திலும் 2018 முதல் டூத்தாமாஸ் சாலையருகே உள்ள மைடெக் வளாகத்திலும் நடந்துவரும் டிஎஸ்ஏ தற்காப்புக் கண்காட்சியும் துறைசார்ந்தோருக்கான நிகழ்ச்சியே.

துறைசார்ந்தோர் மட்டும் நடமாடும் கூடத்தில் ஏர்சாஃப்டால் வரும் குழப்பம் குறைவு. எது உண்மை, எது போலி என்று அவர்களுக்குத் தெரியும், தெரியாவிட்டாலும் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். குடும்பத்தோடு வருவோர் சீட்டு வாங்கி நுழையும் கண்காட்சியில் நிலைமை தலைகீழாகிறது. ஒரே மேசையில் உண்மையான ரைஃபிளும் அதன் ஏர்சாஃப்ட் நகலும் இருந்தால், பத்து வயதுப் பிள்ளை இரண்டையும் ஒரே பொருளாகவே நினைவில் கொண்டு வீடு திரும்பும். அதனால் என் அளவுகோல் எளியது. பொதுமக்கள் கண்காட்சியில் ஏர்சாஃப்டும் உண்மைத் துப்பாக்கியும் ஒரே அரங்கில் இருக்கக் கூடாது. வணிகர் கண்காட்சியில் இருக்கலாம், ஆனால் ஒவ்வொரு கருவியிலும் இன்ன வகை என்ற அட்டை தொங்க வேண்டும்.

வேட்டைக்காரர்களின் மறுப்பை முழுமையாகக் கேளுங்கள்

ஏர்சாஃப்டை எதிர்ப்பவர்களைப் பழைமைவாதிகள் என்று இளைஞர்கள் எளிதாக ஒதுக்கிவிடுகிறார்கள். அவர்கள் சொல்வதில் மூன்று வெவ்வேறு வாதங்கள் கலந்திருக்கின்றன, மூன்றுக்கும் எடை ஒன்றில்லை.

‘எங்கள் கூடத்தில் விளையாட்டுச் சாமான் எதற்கு’ என்பது முதல் வாதம். இது பெரும்பாலும் பெருமை சார்ந்தது, இதற்கு நீண்ட பதில் தேவையில்லை. கூடத்திலேயே இதற்கு மறுப்பு இருக்கிறது. ஜெர்மனியின் உமரெக்ஸ் நிறுவனம் புகழ்பெற்ற வால்தர் துப்பாக்கி நிறுவனத்தை 1993-இல் வாங்கியது. அதே உமரெக்ஸ் ஹெக்லர் அண்ட் கோக் போன்ற ஆயுத நிறுவனங்களிடம் உரிமம் பெற்று ஏர்சாஃப்ட் நகல்களையும் விற்கிறது. உண்மைத் துப்பாக்கித் தொழிலே ஏர்சாஃப்டிலிருந்து உரிமத் தொகை பெறும்போது, அவற்றுக்கிடையே தொடர்பில்லை என்று வேட்டைக்காரர் ஒருவர் சொல்லுவது செல்லாது.

இரண்டாவது வாதம் பணம் பற்றியது. கண்காட்சியில் பத்துக்குப் பத்தடி இடத்துக்குப் போட்டி இருக்கும்போது, ஏர்சாஃப்ட் அரங்குகள் இளைஞர் கூட்டத்தை இழுத்து வழிகளை அடைத்துவிடுகின்றன என்றும், உண்மையாகக் கொள்முதல் செய்ய வந்தவர் எங்களை அடைய முடிவதில்லை என்றும் சிறு ஆயுத வணிகர்கள் சொல்கிறார்கள். இது நியாயமான குறை. தீர்வும் எளிது. ஏர்சாஃப்ட் அரங்குகளைக் கூடத்தின் ஒரு முனையில் சேர்த்து வைத்து, அதற்கென்று தனி நுழைவு வழி தர வேண்டும்.

மூன்றாவது வாதம்தான் ஆழமானது. வேட்டைக்காரரும் சுடும் விளையாட்டு வீரரும் முதல் நாளில் கற்கும் விதி, சுட எண்ணாத எதையும் நோக்கிக் குழலைத் திருப்பாதே என்பதாகும். குண்டு உள்ளதோ இல்லையோ, மனிதர் பக்கம் குழல் திரும்பக் கூடாது. சுபாங்கில் உள்ள தேசியச் சுடும் தளத்தில் ஒருவர் வரிசையில் நின்று பின்னால் திரும்பும்போது குழலும் கூடத் திரும்பினால், அதிகாரியின் குரல் உடனே எழும். ஏர்சாஃப்ட் அணி விளையாட்டோ மனிதரை நோக்கியே சுடுவது. நாற்பது ஆண்டுகளாகக் கையில் ஊறிய ஒரு விதியை, பக்கத்து அரங்கில் சிரித்துக்கொண்டே மீறுவதைப் பார்க்கும் முதியவருக்கு எழும் எரிச்சலை நான் குறைத்து மதிப்பிடமாட்டேன். ஒரே கையில் இரண்டு பழக்கங்கள் இருப்பது ஆபத்து என்று அவர் அஞ்சுவதற்குக் காரணம் இருக்கிறது.

ஆயினும் இந்த அச்சம் ஏர்சாஃப்ட் முழுவதையும் தொடுவதில்லை. சிலம்பப் போட்டியில் எதிராளியின் உடலைக் கம்பால் தொட்டால் புள்ளி கிடைக்கிறது. அதே ஆசான் வாள் வீச்சைக் கற்பிக்கும்போது எதிராளியை நெருங்கவே விடமாட்டார். இரண்டையும் ஒரே களரியில் கற்பித்தாலும் ஒன்று மற்றொன்றாக மாறிவிடாதபடி எல்லை வகுத்திருக்கிறார்கள். ஏர்சாஃப்டிலும் அத்தகைய எல்லையை வகுக்க முடியும். நடைமுறைத் துப்பாக்கி சுடுதலுக்கான உலக அமைப்பான ஐபிஎஸ்சி, ஆக்‌ஷன் ஏர் என்ற பிரிவில் ஏர்சாஃப்ட் கைத்துப்பாக்கிகளைக் கொண்டு காகித, உலோக இலக்குகளைச் சுடும் போட்டிகளை நடத்துகிறது. அதன் உலகப் போட்டி 2018-இல் ஹாங்காங்கில் நடந்தது. அங்கே மனிதரை நோக்கிக் குழலைத் திருப்பினால் போட்டியிலிருந்து விலக்கப்படுவார்கள், உண்மைத் துப்பாக்கிப் போட்டியில் நடப்பதைப் போலவே. தனிமனிதர் கைத்துப்பாக்கி வைத்திருக்க முடியாத ஜப்பானில் பெரும்பாலும் ஏர்சாஃப்டைக் கொண்டு பயின்ற தாட்சுயா சகாய், 2004-இல் அமெரிக்காவின் ஸ்டீல் சாலஞ்ச் வேகச் சுடுதல் போட்டியில் உண்மைத் துப்பாக்கியோடு களமிறங்கி வென்றார். இத்தகைய ஏர்சாஃப்டைக் கூடத்துக்கு வெளியே நிறுத்த மூன்றாவது வாதம் போதாது.

எனவே விண்ணப்பம் வரும்போது கேட்க வேண்டிய முதற்கேள்வி, ‘உங்கள் பொருளைக் கொண்டு எதைச் சுடுவார்கள்’ என்பதே. இலக்கு அல்லது பயிற்சி என்றால் சுடும் விளையாட்டுப் பிரிவில் இடம் தரலாம். மனிதரை மனிதர் சுடும் அணி விளையாட்டு என்றால், அது தன் பாதுகாப்பு விதிகளோடும் தன் கலாசாரத்தோடும் தனியிடத்தில் இருக்கட்டும். இரண்டையும் விற்பவர் என்றால், அரங்கில் எதைக் காட்டப் போகிறார் என்று பட்டியல் வாங்கிக்கொள்ள வேண்டும். வேட்டைப் பிரிவில் இரண்டுக்கும் இடமில்லை.

விதியை முன்கூட்டியே எழுதிவையுங்கள்

விதி இல்லாததைவிட, இடம் விற்ற பிறகு விதியை மாற்றுவது பெரிய கேடு. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஹாரிஸ்பர்க் நகரில் நடந்துவந்த வேட்டை, வெளிப்புற விளையாட்டுக் கண்காட்சியின் கதை இதற்குச் சான்று. 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளித் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்ததை அடுத்து, அதை நடத்திய ரீட் நிறுவனம் 2013 சனவரியில், கண்காட்சிக்குச் சில வாரங்களே இருந்தபோது, இராணுவ ரைஃபிளின் தோற்றமுள்ள ஏஆர் வகை ரைஃபிள்களைக் காட்டக் கூடாது என்று அறிவித்தது. அரங்கு எடுத்திருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக விலகினார்கள். கண்காட்சி நடக்கவில்லை. அதே நிறுவனம்தான் அப்போது ஷாட் ஷோவையும் நிர்வகித்துவந்தது. அந்த ஒப்பந்தமும் அவ்வாண்டே முடிவுக்கு வந்தது. ஹாரிஸ்பர்க்கில் 2014-இல் தேசிய ரைஃபிள் சங்கம் வேறு பெயரில் கண்காட்சியைத் தொடங்கியது.

ரீட் எடுத்த முடிவு சரியா தவறா என்பது இங்கே நம் வேலையன்று. எந்தப் பொருளுக்கு இடம் உண்டு என்ற வரையறை, அரங்கு ஒதுக்கீட்டு ஒப்பந்தத்தின் உடலிலேயே, பணம் கைமாறுவதற்கு முன் இருக்க வேண்டும் என்பதே நமக்கு வேண்டிய பாடம். ஏர்சாஃப்டைப் பொறுத்தவரை அந்த வரையறையில் குண்டின் எடை, ஆற்றல் வரம்பு, நிற அடையாளம், சுட்டுப் பார்க்கும் வசதி, நேரடி விற்பனை, வயது வரம்பு ஆகிய ஆறும் இடம்பெற வேண்டும். ‘தகுந்த பாதுகாப்பு ஏற்பாடுகளோடு’ என்ற மங்கலான சொற்றொடர் ஒப்பந்தத்தில் இருந்தால் அது சண்டைக்கு விதை.

கூடத்துக்குள் நடைமுறை

ஷாட் ஷோவில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. காட்சிக்கு வைக்கும் ஒவ்வொரு துப்பாக்கியிலும் தோட்டாவை வெடிக்கச் செய்யும் ஊசியை முன்கூட்டியே கழற்றிவிட வேண்டும். பாதுகாப்பு ஆலோசகர்கள் அதைச் சோதித்த பிறகே காட்சிக்கு அனுமதி. தோட்டாக்களும் பார்வையாளரின் சொந்தத் துப்பாக்கிகளும் உள்ளே வரவே கூடாது. சுட்டுப் பார்க்க விரும்புவோருக்கு முந்தைய நாளில், நகருக்கு வெளியே உள்ள சுடும் தளத்தில் தனி ஏற்பாடு. கூடத்தில் பார்ப்பது, தளத்தில் சுடுவது என்று இரண்டையும் பிரித்த இந்த வழக்கத்தை ஏர்சாஃப்டுக்கும் அப்படியே நீட்டலாம். ஆனால் கருவியின் உட்பகுதி வேறு என்பதால் சோதனையும் வேறாக இருக்க வேண்டும்.

1991-இல் ஜப்பானின் டோக்கியோ மாருய் நிறுவனம் ஃபாமாஸ் ரைஃபிளின் வடிவில் வெளியிட்டதிலிருந்து பரவிய மின்மோட்டார் வகையில் ஊசி என்று ஒன்று கிடையாது. மோட்டார் பல்சக்கரங்களைச் சுழற்றி, சுருள்வில்லை இழுத்து விடுகிறது. வில் தள்ளும் காற்று குண்டை எறிகிறது. இதைச் செயலிழக்கச் செய்ய மின்கலத்தைக் கழற்ற வேண்டும். அதற்கு முன் ஒரு படி இருக்கிறது, அதைத்தான் புதியவர்கள் தவறவிடுகிறார்கள். குண்டுக்கூட்டை உருவிய பிறகும் ஊட்டுக்குழாயில் ஓரிரு குண்டுகள் தங்கியிருக்கும். ஆகவே கூட்டை உருவி, பாதுகாப்பான திசையில், வலைப்பெட்டிக்குள் சிலமுறை வெற்றுச்சுடு செய்து, குழல் காலி என்று உறுதிப்படுத்தி, பிறகு மின்கலத்தை எடுக்க வேண்டும். வாயுவில் இயங்கும் வகையில் வாயு குண்டுக்கூட்டுக்குள்ளேயே அடைக்கப்பட்டிருப்பது வழக்கம் என்பதால், கூட்டை வெளியே எடுத்து வாயுவை வெளியேற்றியிருக்க வேண்டும். இரண்டு வகைக்கும் குழல் முனையில் துணி உறை மாட்டலாம். அட்டையில் சோதித்தவரின் கையெழுத்தும் வேண்டும்.

சுட்டுப்பார்க்கும் தளம் வைப்பதென்றால் அது மூன்று பக்கமும் மேற்புறமும் மூடிய வலைக்கூண்டாக இருக்கட்டும். உள்ளே நிற்பவர் மட்டுமின்றி வலைக்கு வெளியே வரிசையில் காத்திருப்பவரும் முகத்தோடு ஒட்டி அடைக்கும் பாதுகாப்புக் கண்ணாடி அணிய வேண்டும். சாதாரண மூக்குக்கண்ணாடி இதற்குப் போதாது. உடையும் கண்ணாடிச் சில்லே காயமாகலாம். ஆற்றலை அளக்க வேகமானி கட்டாயம். அளப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. 0.20 கிராம் குண்டோடு வரம்புக்குள் நிற்கும் வாயு வகைக் கருவி, கனமான குண்டு போட்டதும் கூடுதல் ஆற்றலைக் காட்டக்கூடும். எனவே அன்றைய தினம் தளத்தில் உண்மையில் பயன்படும் குண்டைக் கொண்டே அளக்க வேண்டும்.

உள்ளே நுழையும் பைகளைவிட வெளியே போகும் பைகள் எனக்கு அதிகக் கவலை தருகின்றன. கண்காட்சிக் கூடத்துக்குள் எது என்ன என்று கேட்டாவது தெரிந்துகொள்ளலாம். கூடத்தின் வாசலைத் தாண்டி, மின்ரயில் நிலையத்தின் மேடையில் அதே கருவி பையிலிருந்து எட்டிப்பார்த்தால் அங்கே நிற்கும் காவலருக்கு அது துப்பாக்கி. விற்பனைக்கு அனுமதி உள்ள நாடுகளில்கூட, வாங்கியதை அங்கேயே கையில் கொடுக்காமல் கடை முகவரிக்கு அனுப்பும் முறையை வற்புறுத்துவது நல்லது. குறைந்தபட்சம் முத்திரையிட்ட, உள்ளிருப்பது தெரியாத பெட்டி வேண்டும்.

துணைப்பொருள்களில் கண்ணாயிருங்கள்

உடை, கையுறை, இடுப்புவார், கைவிளக்கு, தொலைநோக்கு, பாதுகாப்புக் கண்ணாடி ஆகியவற்றில் ஏர்சாஃப்ட், உண்மைத் துப்பாக்கி ஆகிய இரண்டு தொழிலும் ஒரே வாங்குவோரைப் பகிர்ந்துகொள்கின்றன. கோலாலம்பூர்க் கடைக்காரருக்கு உண்மையான இலாபம் இந்தப் பொருள்களில்தான் இருக்கிறது. ஏர்சாஃப்ட் அரங்குகளுக்கு நீங்கள் போவதற்குச் சொல்லக்கூடிய நல்ல வணிகக் காரணமும் இதுவே.

இங்கே ஒரு பொறியும் இருக்கிறது. புகழ்பெற்ற நிறுவனங்களின் சிவப்புப்புள்ளிக் குறிநோக்கிகளைப் போலவே உருவம் கொடுத்து, ஏர்சாஃப்டுக்கென்று மலிவாகச் செய்யப்படும் நகல்கள் சந்தையில் ஏராளம். ஏர்சாஃப்டில் பின்னதிர்ச்சி மிகக் குறைவு என்பதால் அவை அதில் ஒழுங்காக இயங்கும். உண்மையான ரைஃபிளில் பொருத்தினால் சில சுடுகளிலேயே குறி நகர்ந்துவிடலாம். அப்படி நகர்ந்த குறியோடு காட்டில் நிற்பவர் காயம்பட்ட விலங்கைத் தப்பவிடுவார், அல்லது அதைவிட மோசமான ஒன்றைச் செய்வார். ஆகவே ஏர்சாஃப்ட் பிரிவில் வாங்கும் ஒவ்வொரு குறிநோக்கிக்கும், எந்தத் துப்பாக்கியின் அதிர்ச்சிக்குச் சோதிக்கப்பட்டது என்று விலைப்பட்டியலிலேயே எழுதி வாங்குங்கள். வணிகக் குறியீட்டு உரிமம் உள்ளதா என்றும் கேளுங்கள். அக்குறியீட்டின் சொந்தக்காரர் அதே கட்டடத்தில் அடுத்த கூடத்தில் அரங்கு வைத்திருக்கிறார் என்பதை மறக்க வேண்டாம்.

உள்நாட்டில் என்ன செய்யலாம்

கோலாலம்பூரிலோ பினாங்கிலோ வெளிப்புற விளையாட்டுக் கண்காட்சி நடத்துபவர், ஏர்சாஃப்ட் இல்லாவிட்டால் இளைஞர் வரமாட்டார்கள் என்று கவலைப்படத் தேவையில்லை. உரிமம் பெற்ற களங்களில் பெயின்ட்பால் நம் நாட்டில் நீண்டகாலமாக விளையாடப்படுகிறது. லங்காவியில் ஆசிய அளவிலான போட்டிகளே நடந்துள்ளன. முறையான அனுமதியோடு இயங்கும் அத்தகைய களத்தினரை அழைக்கலாம். துப்பாக்கி உருவம் இல்லாத லேசர் இலக்குப் பயிற்சி, வில்வித்தை ஆகியவை எளிதில் அமைக்கத்தக்கவை. மலேசிய தேசியச் சுடும் சங்கத்தை அணுகி, 10 மீட்டர் காற்றழுத்த ரைஃபிள் போட்டியை அவர்களுடைய கண்காணிப்பில் செய்து காட்ட முடியுமா என்று கேட்கலாம். கருவியும் பொறுப்பும் உரிமமும் அவர்களிடமே இருக்கும். வேட்டை குறித்துப் பேச விரும்பினால், 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை அமலாக்கும் பெர்ஹிலித்தான் துறைக்கு ஓர் அரங்கு ஒதுக்குவது மரியாதையும் பயனும் தரும்.

ஏர்சாஃப்டின் படங்களையும் காணொளிகளையும் மட்டும் காட்ட விரும்பும் வெளிநாட்டு நிறுவனம் வந்தால், கருவி ஒன்றும் கொண்டுவரக் கூடாது, உதிரி பாகமும் கூடாது, முன்பதிவும் பெறக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டு, அதற்கும் காவல்துறையிடம் கடிதம் கொடுத்துப் பதில் பெற்ற பின்னரே இடம் தரவும்.

வெளிநாட்டுக் கண்காட்சிக்குப் போய் வருபவர்களுக்கு

நியூரம்பெர்க்குக்கோ லாஸ் வேகஸுக்கோ போகிறவர், நிறுவனப் பதிவுச் சான்றையும் கடையின் விலைப்பட்டியல் மாதிரியையும் முன்கூட்டியே அனுப்பி நுழைவுச்சீட்டை உறுதிசெய்துகொள்ள வேண்டும். இரசிகர் என்று சொல்லிக்கொண்டு வாசலில் நின்றால் திருப்பி அனுப்பப்படுவார்.

திரும்பி வரும்போது பையைத் தாமே அடுக்க வேண்டும். ஏர்சாஃப்ட் அரங்குகளில் நட்பின் அடையாளமாகக் கையில் திணிக்கப்படும் மாதிரிகள் பல. காலியான குண்டுக்கூடு, குழல் முனை, துப்பாக்கி வடிவச் சாவிக்கொத்து, சுருட்டுப் பற்றவைப்பான் எல்லாம் கேஎல்ஐஏ விமான நிலையத்தின் சுங்கச் சோதனையில் கேள்விக்கு உள்ளாகும். ‘இலவசமாகத் தந்தார்கள்’ என்பது அங்கே விடையாகாது. கருவியையோ அதன் பாகத்தையோ அஞ்சலில் அனுப்பச் சொல்வது அதைவிட மோசம். பெறுநராக உங்கள் பெயரும் கடை முகவரியும் பொட்டலத்தின்மீதே எழுதப்பட்டிருக்கும். சிங்கப்பூர் வழியாக மாறி வருபவர்கள், அங்கும் ஏர்சாஃப்ட் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட பொருள் என்பதை மனத்தில் கொள்ள வேண்டும்.

விலைப்பட்டியல் நூல்கள், பெயரட்டைகள், உடைகள், பாதுகாப்புக் கண்ணாடிகள் ஆகியவற்றால் சிக்கல் இல்லை. இரவுப்பார்வைக் கருவியும் ரைஃபிளில் பொருத்தும் குறிநோக்கியும் வேறு வகை. அவற்றுக்கு ஏற்றுமதி செய்யும் நாட்டின் அனுமதியும் தேவைப்படலாம். ஆகவே அவற்றை வாங்க ஒப்புக்கொள்வதற்கு முன், பொருளின் பெயர், மாதிரி எண், பயன் ஆகியவற்றைக் குறிப்பிட்டுக் காவல்துறைக்கும் சுங்கத்துறைக்கும் தனித்தனியே கடிதம் எழுதுங்கள். பதில் வரும்வரை முன்பணம் கட்ட வேண்டாம். ‘கண்காட்சி விலை இன்று மாலை வரைதான்’ என்று விற்பனையாளர் அவசரப்படுத்தினால், அவருடைய பெயரட்டையை வாங்கிக்கொண்டு அடுத்த அரங்குக்கு நகர்ந்துவிடுங்கள்.